அடுப்படித் தீயின் நினைவும் ஓயாத சரிபார்ப்பும்: எதற்கு முதலில் சிகிச்சை?

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், வடை சுடுவதற்காக வாணலியில் எண்ணெயைக் காயவைத்திருந்தவர், கைப்பேசி ஒலித்ததால் வரவேற்பறைக்குச் சென்றிருக்கிறார். பேசி முடிப்பதற்குள் எண்ணெய் தீப்பற்றிக்கொண்டது. அணைக்க ஓடிய மாமியாருக்கு இரு கைகளிலும் தீக்காயம். அவர் குணமடைந்து இப்போது நலமாக இருக்கிறார். மருமகளை ஒருநாளும் குறைசொன்னதில்லை. ஆனால் வாசகிக்கு அந்த மாலை இன்னும் முடியவில்லை. பக்கத்து வீட்டில் தாளிக்கும் ஓசை கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. அத்தையின் அலறல் காதில் விழுந்து நள்ளிரவில் விழித்துக்கொள்கிறார்.

இதற்கிடையே இன்னொன்றும் வளர்ந்துவிட்டது. வேலைக்குக் கிளம்புமுன் அடுப்பின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். பிறகு படம் எடுக்கிறார். எம்ஆர்டி ரயில் ஹவ்காங்கை அடைவதற்குள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, திருகின் வெள்ளைக்கோடு நேராக நிற்கிறதா, அல்லது நிழல் விழுந்ததால் நேராகத் தெரிகிறதா என்று ஆராய்கிறார். ஐயம் தீராவிட்டால் இறங்கி வீட்டுக்குத் திரும்புகிறார். கணவருக்கு நாள் முழுவதும் குறுஞ்செய்திகள். கடந்த ஓராண்டாக, ஐந்து வயது மகன் உறங்கும்போது "நானே தீ வைத்துவிடுவேனோ" என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. வீட்டிலிருந்த லைட்டர், தீப்பெட்டி அனைத்தையும் தூக்கிப் போட்டுவிட்டார். சாமி மாடத்தில் இப்போது பேட்டரி விளக்குதான் எரிகிறது.

இரண்டு இடங்களில் உதவி தேடியிருக்கிறார். முதலில் பார்த்த ஆலோசகர், நடந்ததை வாரந்தோறும் விவரிக்கச் சொன்னார். ஒவ்வொரு முறை பேசிவிட்டு வந்த பிறகும் சரிபார்ப்பது கூடியது. இரண்டாவது இடத்தில் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கான பயிற்சியைத் தொடங்கினார்கள். மூன்றாம் அமர்வில் எண்ணெய் காய்வதை அருகில் நின்று பார்க்கச் சொன்னபோது, அன்றைய தீ கண்முன்னே எழ, பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். "வேரைப் பிடுங்கினால் கிளை தானே காய்ந்துவிடும் அல்லவா? அதிர்ச்சிக்குத்தானே முதலில் வைத்தியம் செய்ய வேண்டும்? அல்லது எனக்கு எதுவுமே பலிக்காதா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் நடுவே, "சில இரவுகளில் இப்படியே விழிக்காமல் போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். மற்றவற்றைப் பேசுவதற்கு முன் அந்த வரியைப் பேசியாக வேண்டும். மூன்று ஆண்டுகளாகத் தூக்கமின்றிப் போராடும் மனத்தில் அப்படித் தோன்றுவது வியப்பில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. அந்த எண்ணம் வலுத்தால், அல்லது எப்படிச் செய்வது என்று யோசிக்கத் தொடங்கினால், சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பை 1767 என்ற எண்ணிலோ மனநலக் கழகத்தை 6389 2222 என்ற எண்ணிலோ எந்த நேரத்திலும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. இதைப் பேசினால் சட்டச் சிக்கல் வருமோ என்று அஞ்ச வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவே 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இல்லை. உங்கள் கணவரிடம் இன்றே இந்த வரியை மட்டுமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"எனக்கு எதுவுமே பலிக்காதா" என்ற கேள்விக்கு, உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டே என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்று உண்டு. உங்களுக்குக் கிடைத்த இரண்டு சிகிச்சைகளும் உங்கள் நோயின் ஆளுக்கொரு பாதியை மட்டுமே பார்த்திருக்கின்றன. பலிக்காமல் போனது அதனால்தான். உங்கள் மனவுறுதியில் எந்தக் குறையும் இல்லை. நேரில் மதிப்பீடு செய்யாமல் நோயின் பெயரை உறுதிசெய்ய முடியாது என்றாலும், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல், எண்ணச் சுழற்சி நோய் ஆகிய இரண்டின் குறிகளும் நீங்கள் எழுதியிருப்பதில் தெளிவாக இருக்கின்றன. ஓசிடி இங்கே அரிதான நோயும் அன்று. 2016ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, இங்குள்ளவர்களில் 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் அது வந்திருக்கிறது. அதைவிட வருந்தத்தக்கது, அவர்கள் உதவி நாடுவதற்குள் கழிந்த காலம்: பாதிப் பேருக்குச் சுமார் 11 ஆண்டுகள் அல்லது அதற்கும் மேல். நீங்கள் மூன்றாம் ஆண்டிலேயே இருமுறை கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

சரிபார்ப்பதால் ஐயம் தீர்வதில்லை

"நான் இத்தனை முறை பார்ப்பதால்தான் இந்த மூன்று ஆண்டுகளாக எதுவும் நடக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கைதான் நோய்க்குத் தீனி போடுகிறது. 2003இல் நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், எந்த நோயும் இல்லாதவர்களைக் கணினித் திரையில் ஒரு எரிவாயு அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் செய்தார்கள். பலமுறை சரிபார்த்தவர்களின் நினைவு மங்கலாகியது. கடைசியாகப் பார்த்தது சரிதானா என்ற நம்பிக்கையும் குறைந்தது. பிறகு 2006இல் கனடாவில் உண்மையான அடுப்பை வைத்துச் செய்த ஆய்விலும், மீண்டும் மீண்டும் சரிபார்த்தவர்கள் தங்கள் நினைவின் மீது வைத்திருந்த நம்பிக்கையை இழந்தார்கள். திருகை ஒருமுறை தொடுபவருக்குத் தொட்டது நினைவிருக்கும். இருபதுமுறை தொடுபவருக்கு இன்று தொட்டதா நேற்றுத் தொட்டதா என்றே பிரித்தறிய முடியாமல் போகும். ரயிலில் நீங்கள் படும் பாடு இதனால்தான். உங்கள் நினைவாற்றலில் கோளாறு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டு அடுப்பின் பாதுகாப்பு அமைப்புகளைப் பற்றி நான் இங்கே எதுவும் எழுதவில்லை. எழுதினால், நீங்கள் இந்தப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு தினமும் படிக்கத் தொடங்கிவிடுவீர்கள். எண்ணெய் காயும்போது சமையலறையை விட்டு வெளியேறாமல் இருப்பது எல்லாருக்கும் பொருந்தும் கவனம். அதைக் கைவிடச் சொல்லி எந்தச் சிகிச்சையும் கேட்காது. அடுப்பை அணைத்த பிறகு நடக்கும் அனைத்தும்தான் நோயின் பங்கு.

மகனைப் பற்றிய அந்த எண்ணம்

கடிதத்தில் இந்தப் பகுதியை மட்டும் அடித்து அடித்து எழுதியிருக்கிறீர்கள். எழுதவே எவ்வளவு கூசியிருப்பீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. விரும்பாத, அருவருப்பான, வன்முறையான எண்ணங்கள் பெரும்பாலான மனிதர்களின் மனத்தில் வந்து போகின்றன. 1978இல் ஸ்டான்லி ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வாவும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: நோயில்லாதவர்களுக்கு வரும் எண்ணங்களும் ஓசிடி உள்ளவர்களுக்கு வரும் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் ஒரே மாதிரியானவை. நோயில்லாதவருக்கு எண்ணம் வந்த வழியே போய்விடும். உங்களுக்கோ அது ஒரு தீர்ப்பாகவே ஒலிக்கிறது. ஒருமுறை உங்கள் கவனக்குறைவால் தீ வந்துவிட்டது என்று நம்பும் மனம், "அப்படியானால் நான் ஆபத்தானவள்" என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறது. அன்றைய அதிர்ச்சியும் இன்றைய எண்ணச் சுழற்சியும் கைகோத்துக்கொள்ளும் இடம் இதுவே.

எண்ணம் வருவதால் நீங்கள் செய்துவிடுவீர்கள் என்பது பொருளன்று. அந்த எண்ணத்தைக் கண்டு திகிலடைந்து மகனைவிட்டு விலகிப் படுப்பவர் நீங்கள். ஆயினும், மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். கட்டளையிடும் குரல்கள் கேட்கின்றனவா, கடும் மனச்சோர்வு நோய் உடனிருக்கிறதா என்பதையெல்லாம் அவர் கேட்டறிந்து வேறுபடுத்துவார். ஓசிடியை அறிந்த எந்த மருத்துவருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது.

எதற்கு முதலில் சிகிச்சை?

இப்போது உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். வேரைப் பிடுங்கினால் கிளை தானே காய்ந்துவிடும் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் இந்த நோயில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. அதிர்ச்சியான நிகழ்வுக்குப் பிறகு ஓசிடி தொடங்குவது உண்டு; டி சில்வாவும் மார்க்ஸும் 1999இல் அத்தகைய நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். தொடங்கிய பிறகோ அது தன் காலிலேயே நிற்கக் கற்றுக்கொள்கிறது. திருகைத் தொட்டதும் சில நிமிடம் கிடைக்கும் நிம்மதியே அடுத்த முறை தொடத் தூண்டுகிறது. அதற்குத் தீயின் நினைவு அன்றாடம் தேவைப்படுவதில்லை. ஆகவே நினைவு ஆறிய பிறகும் சரிபார்க்கும் பழக்கம் நீடிக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்மைதான். அமெரிக்காவில் கெர்ஷுனியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002, 2003ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், இரண்டு நோயும் சேர்ந்திருந்தவர்களுக்கு ஓசிடி சிகிச்சை மட்டும் அளித்தபோது பலன் குறைவாகவே இருந்தது. சிலருக்குச் சரிபார்ப்பது போன்ற, நோய் செய்யத் தூண்டும் சடங்குகள் குறையக் குறைய, அதுவரை அவை அமுக்கி வைத்திருந்த அதிர்ச்சி நினைவுகள் மேலெழுந்தன. மூன்றாம் அமர்வில் உங்களுக்கு நேர்ந்ததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். சிகிச்சையாளர் காட்டியது ஓசிடிக்கான ஒரு பயிற்சி. உங்கள் உடம்போ அதை அந்த மாலையாகவே உணர்ந்தது.

ஆகவே இரண்டையும் ஒரே சிகிச்சையாளர், ஒரே திட்டத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஓசிடிக்கு நெடுங்காலமாகச் சோதிக்கப்பட்டது, அச்சத்தை நேர்கொண்டு சடங்கைத் தவிர்க்கும் பயிற்சி. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் அதன் தொடக்க வடிவத்தைச் செய்து காட்டினார். அதிர்ச்சிக்கு, நினைவைத் தொடக்கம் முதல் முடிவு வரை பாதுகாப்பான சூழலில் திரும்பத் திரும்பச் சொல்லி, அதில் ஒட்டியிருக்கும் முடிவுகளைப் பரிசீலிக்கும் சிகிச்சை உண்டு. பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். இதை உருவாக்கிய உளவியலாளர் எட்னா ஃபோவா, ஓசிடி சிகிச்சையை வளர்த்தெடுத்தவர்களிலும் முக்கியமானவர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: விலகி ஓடுவதை நிறுத்துவது.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் வரிசையை இப்படி அமைப்பேன். முதல் சில வாரங்களில் தீயின் நினைவைத் தொடவே மாட்டேன். அடுப்பைப் படமெடுப்பதை நிறுத்துவது, ரயிலிலிருந்து திரும்பாமல் அலுவலகம் வரை செல்வது, கணவருக்கு அனுப்பும் செய்திகளைக் குறைப்பது ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொள்வேன். ஒருமுறை பார்த்து அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டியபின், "அணைத்திருக்கலாம், அணைக்காமலும் இருக்கலாம்" என்ற நிச்சயமின்மையோடு ரயிலில் அமர்ந்திருப்பதே அந்தக் கட்டத்தின் பயிற்சி. அது நீங்கள் நினைப்பதைவிடக் கடினமாகவும், நீங்கள் அஞ்சுவதைவிடத் தாங்கக்கூடியதாகவும் இருக்கும். இதில் கால் ஊன்றிய பிறகே நினைவுக்கு வருவேன். அப்போது ஒரு விதி கட்டாயம்: அமர்வு முடிந்து வீட்டுக்குப் போனதும் சமையலறைக்கு ஓடிச் சரிபார்க்கக் கூடாது. முதல் ஆலோசகரிடம் பேசியது வீணானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பேச்சு கிளப்பிய அச்சத்தைத் திருகைத் தொட்டுத் தணித்துக்கொண்டதால், நினைவு தானாக ஆறுவதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

காயும் எண்ணெய் கடைசியில் வரட்டும். அதற்கு முன்னால் விளக்கு. முதலில் கணவர் தீக்குச்சியைக் கிழிக்க, நீங்கள் பக்கத்தில் நிற்பீர்கள். பிறகு நீங்களே திரியைப் பற்றவைப்பீர்கள். பிறகு மகன் கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போதும் விளக்கு எரியும். குச்சியை நீரில் நனைத்து மூன்றுமுறை பார்ப்பது போன்ற புதிய சடங்கு எதுவும் முளைக்காதபடி கவனிக்க வேண்டும். விளக்கேற்றுவதை இழந்ததுதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே அது திட்டத்தின் நடுவில் இடம்பெற வேண்டும் என்று நினைக்கிறேன்.

இடையில் சில வாரங்கள் நிலைமை மோசமாவதுபோல் தோன்றும். கனவுகள் கூடலாம். அதை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தால் பயந்து விலக நேராது. ஆனால், நேரம் போனதே தெரியாமல் திகைத்து நிற்பது, பல இரவுகள் தொடர்ந்து தூங்காமல் இருப்பது, உயிரை மாய்க்கும் எண்ணம் வலுப்பது ஆகியவை நேர்ந்தால் உடனே சிகிச்சையாளரிடம் சொல்லி வேகத்தைக் குறைக்க வேண்டும்.

குற்றவுணர்வும் கணவரிடம் கேட்கும் கேள்வியும்

"என் மீது தவறில்லை என்று ஒரு நாளைக்குப் பத்துமுறை கேட்டாலும் மனம் ஏற்பதில்லை" என்கிறீர்கள். இரண்டு நோயும் கலந்தவர்களிடம் சிகிச்சையாளர்களே தடுமாறும் இடம் இதுதான். அதிர்ச்சிக்கான சிகிச்சையில் குற்றவுணர்வை விரிவாகப் பேசியாக வேண்டும். அந்த அழைப்பு வந்த நொடியில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கவனக்குறைவு வேறு, தீங்கு செய்யும் நோக்கம் வேறு என்பதையெல்லாம் நிதானமாக, தேவையானால் பல அமர்வுகளில், எழுதிப் பார்க்க வேண்டும். நீங்கள் அடுப்பை விட்டு நகர்ந்தது உண்மை. அதை மறைத்துப் பூசி மெழுகுவதால் ஆறுதல் வராது. ஆயிரம் வீடுகளில் நடக்கும் அதே கவனக்குறைவு உங்கள் வீட்டில் தீயாக முடிந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத் தாங்கும் நிலைக்கு வருவதே நோக்கம்.

அதே கேள்வியை மாலைதோறும் கணவரிடம் கேட்டு, அவர் "இல்லை" என்று சொன்னதும் சிறிது ஆறி, மறுநாள் மீண்டும் கேட்பதோ திருகைத் தொடுவதற்குச் சமமான சடங்கு. புதிதாக எதையாவது அறிந்துகொள்வதற்காகக் கேட்கிறீர்களா, பழைய பதிலையே இன்னொருமுறை கேட்டு அமைதியடைவதற்காகக் கேட்கிறீர்களா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். கணவரையும் ஓர் அமர்வுக்கு அழைத்துச் செல்லுங்கள். "இதற்குப் பதில் சொன்னால் உனக்கு உதவியாக இருக்காது என்று பேசி வைத்திருக்கிறோம், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று அவர் சொல்லலாம். உங்கள் ஒப்புதலோடும் படிப்படியாகவும் இது நடக்க வேண்டும். திடீரென்று அவர் வாயை மூடிக்கொண்டால் அது தண்டனைபோல் ஆகிவிடும்.

சனி தோஷம், பரிகாரம் செய்தால் சரியாகும் என்று அம்மா சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். கோயிலுக்குப் போவது மனத்துக்கு இதமென்றால் தாராளமாகப் போங்கள். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து சுற்ற வேண்டும், ஒரு வாரம் விட்டால் விபரீதம் என்று ஆகிவிட்டால், வழிபாட்டுக்குள் நோய் நுழைந்துவிட்டது என்று பொருள்.

மருந்து, வேலை, காப்புறுதி

மருந்து பற்றி நான் பொதுவாகவே சொல்ல முடியும். முடிவு மனநல மருத்துவருடையது. செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின் போன்ற மருந்துகள் ஓசிடிக்கு உதவக்கூடியவை; செர்ட்ராலின் அதிர்ச்சி நோய்க்கும் பயன்படுகிறது. ஓசிடிக்கு வழக்கத்தைவிடக் கூடிய அளவும், பலன் தெரிய 8 முதல் 12 வாரங்களும் தேவைப்படலாம். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று மருந்தை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள்; அது அவசரம். இவை போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. ஆனால் மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்தக் கூடாது. தோழி கொடுத்ததாக நீங்கள் எழுதியிருந்த தூக்க மாத்திரை வேறு வகை. அந்த வகை பழக்கத்தை உண்டாக்கும். சிகிச்சையின் பலனையும் குறைக்கலாம். அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சிகிச்சை விவரம் உங்கள் ஒப்புதலின்றி முதலாளிக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து போன்ற சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான பாதுகாப்பை உள்ளடக்கியது. காப்புறுதியைப் பொறுத்தவரை, புதிய திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் உடல்நலக் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நட்டக் கணக்கு.

எங்கே, எப்படித் தொடங்குவது

தனியார் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் அருகிலுள்ள பலதுறை மருந்தகத்துக்குச் சென்று பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். அந்த வழியில் மனநலக் கழகத்துக்கோ பொது மருத்துவமனைகளின் உளமருத்துவப் பிரிவுக்கோ சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்பாடு பற்றி அங்குள்ள மருத்துவச் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். காத்திருக்க நேரலாம், இரவில் வரும் அந்த எண்ணங்கள் மோசமானால் காத்திருக்காமல் மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள்.

முதல் சந்திப்புக்கு ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தீவிபத்து நடந்த மாதம், சரிபார்ப்பது தொடங்கிய காலம், ஒரு நாளில் அதற்குச் செலவாகும் நேரம், மகனைப் பற்றிய எண்ணம், விழிக்காமல் போனால் நல்லது என்ற எண்ணம், முன்பு எடுத்த சிகிச்சைகளும் அவற்றில் எங்கே நின்றுபோனது என்பதும் அதில் இருக்கட்டும். பேச்சு வராவிட்டால் தாளை நீட்டினால் போதும். பிறகு சிகிச்சையாளரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள்: சடங்கைத் தவிர்க்கும் பயிற்சியை முறைப்படி கற்றிருக்கிறாரா, அதிர்ச்சி நினைவுக்கும் சிகிச்சை அளித்திருக்கிறாரா, இரண்டையும் எப்படி இணைக்கப் போகிறார். தமிழில் பேசினால்தான் அந்த மாலையைச் சொல்ல முடியும் என்றால் சந்திப்பைப் பதியும்போதே அதைத் தெரிவியுங்கள். மூன்றாம் கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், அவரிடமே வேறொருவருக்குப் பரிந்துரை கேட்கலாம். அதை எந்த நல்ல சிகிச்சையாளரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.